புளி தேய்த்த வாளிகள்

பதினாலு ரூபாய் நாலணா. ஆவூர் இட்லிக் கடை ஜெபமாலையம்மாள் நாலு வாளிக்கு வைத்திருந்த பாக்கி அது. வாளி ஒன்று நாலு ரூபாய். அவள் கையில் கொடுத்தது ஒன்றே முக்கால். மீதிக்கு ஜாமீன் சொன்னவன் ஆண்டியப்பன். மச்சுவாடியில் ரத்தினவேலின் வாளிப் பட்டறையில் முக்குகிற வேலை அவனுக்கு. உருகிய துத்தநாகத்தில் இரும்பு வாளியை முக்கி எடுத்தால் வெள்ளை ஏறும், துரு அண்டாது. பட்டறையில் அதை நாகம் என்பார்கள்.

ஈஸ்டரை ஒட்டி வரும் பாஸ்கா திருவிழாவுக்கு வாங்கிய வாளிகள் ஆடி பிறக்குமுன் துருவேறிவிட்டன, காசு தர மாட்டேன் என்று அந்த அம்மாள் பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினாள்.

"நீ முக்குன வாளி, நீ சொன்ன ஜாமீன்," என்றார் ரத்தினவேல். "சம்பளத்துல புடிச்சுக்கிறேன்."

நாள் கூலி ஒன்றேகால் ரூபாய். பதினொரு நாளைக்கு மேல் சும்மா உழைத்த கணக்காகும்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்துக்கு ஆண்டியப்பன் ஆவூரில் போய் இறங்கினான்.

"வாப்பா, சுண்ணாம்புக்காரா! தகரத்துக்கு வெள்ளையடிச்சுக் குடுத்துட்டு அதுக்கு ஜாமீன் வேறயா?" என்றாள் ஜெபமாலையம்மாள். இட்லி தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள்.

அவன் வாளியைக் கவிழ்த்துப் பார்த்தான். உள்ளும் புறமும் செங்காவி. ஆனால் விளிம்பு மடிப்புக்குள்ளும் காதுக்கு அடியிலும், விரல் போகாத இடத்திலெல்லாம், நாகம் பூப்பூவாக அப்படியே இருந்தது. பரணில் பித்தளை அண்டாக்கள் கண்ணைப் பறித்தன.

"ஆத்தா, இதை எதை வச்சுத் தேய்க்கிறீங்க?"

"ஏன், எங்களைப் பாத்தா அழுக்குப் புடிச்சவுக மாதிரி இருக்கா? சனிக்கெழமை தவறாம புளியைக் கரைச்சு ராவெல்லாம் ஊறப்போட்டு, செங்கப்பொடி வச்சுத் தேய்க்கிறேன். அண்டாவுக்கு என்ன மரியாதையோ அதேதான் இதுக்கும்."

"புளி நாகத்தைத் தின்னுப்புடும் ஆத்தா."

"விக்கிறப்ப சொன்னியா?"

சொல்லவில்லை. அவன் வீட்டில் இருந்ததெல்லாம் மண்பானை. வாளியைப் புளி போட்டு விளக்குவார்கள் என்று அவனுக்குத் தோன்றவேயில்லை.

"இரும்பு கெடலை. மறுபடி முக்கித் தந்தா காசு குடுப்பீங்களா?"

"கொண்டாந்துட்டுப் பேசு."

வாளிகளைப் பஸ் மேலே ஏற்றிக் கொண்டுவந்தான். ரத்தினவேல் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "முக்கிக்க. தொட்டியில என் நாகம் ஒரு பலம் கொறையக் கூடாது."

"சாம்பலை எடுத்துக்கவா மொதலாளி?"

"சாம்பலா? கூடை கூடையா அள்ளிக்கிட்டுப் போ," என்று சிரித்தார்.

உருகிய நாகத்தின் மேல் மிதக்கிற கசடுக்குத்தான் சாம்பல் என்று பேர். அதை வழித்துக் கொல்லைச் சுவரோரம் கொட்டுவது வழக்கம். மழைக்காலத்தில் பாதைக் குழிகளை அதை வைத்துத்தான் தூர்த்தார்கள். ஆண்டியப்பன் நாலு நாள், வேலை விட்டதும், அதை இடித்துச் சலித்தான். துவரம்பருப்பு போல நாக மணிகள் சல்லடையில் நின்றன. உருக்கிக் கட்டியாக்கினான்.

சனிக்கிழமை, தொட்டி ஆறுமுன், வாளிகளை ஆசிட்டில் போட்டுத் துருவைக் கழற்றி, நாகம் ஒட்டுவதற்கு நவச்சாரத் தண்ணீர் காட்டி, முக்கி எடுத்தான். ரத்தினவேல் முன்னும் பின்னும் தராசில் வைத்துப் பார்த்தார். வாளிகள் தின்றது இரண்டரை ராத்தல். சாம்பலில் வந்த கட்டி இரண்டே முக்கால். அந்தக் கட்டியை மட்டும் இரண்டு தரம் நிறுத்தார். பிறகு தொட்டியில் போடச் சொன்னார்.

மறுநாள் ஆவூரில் ஜெபமாலையம்மாள் ஒவ்வொரு வாளியையும் வெயிலில் தூக்கி ஓட்டை பார்த்தாள்.

"இனிமே எதை வச்சுத் தேய்க்கச் சொல்ற?"

"தேய்க்கவே வேணாம். தண்ணிய ஊத்திக் கழுவிக் கவுத்துருங்க. மங்கிப் போகும், போகட்டும். அந்த மங்கல்தான் இரும்பைக் காக்கும்."

"மங்குன வாளியைப் பாத்தா பங்குச் சாமியார் என்னைய என்ன நெனைப்பாரு?" என்று முணுமுணுத்துக்கொண்டே பணத்தை எண்ணினாள். பதினாலு ரூபாய் இருந்தது. "நாலணா கழிச்சுட்டேன். மூணு மாசப் புளிக்காசு. நீ சொல்லாமப் போனதுக்கு."

திங்கட்கிழமை பட்டறைக்கு வந்தபோது கொல்லைச் சுவரோரம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. சாம்பல் முழுக்கக் கொட்டகைக்குள் போயிருந்தது. கதவில் புதுப் பூட்டு.

ரத்தினவேல் பணத்தை எண்ணினார். "நாலணா எங்கடா?"

"புளியில போயிருச்சு மொதலாளி."

"அப்ப ஒன் கூலியில…"

ஆண்டியப்பன் அந்தப் பூட்டைப் பார்த்தபடி, "சாம்பல்ல கழிச்சுக்கங்க," என்றான்.

ரத்தினவேலும் பூட்டைப் பார்த்தார். பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, பாக்கி நோட்டில் ஜெபமாலையம்மாள் பேரின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.