சுங்கத் தாளில் ஸ்லாவாவின் பெயர்

எங்கள் மின்சாமான் தொழிற்சாலையில் சம்பளம் நின்று மூன்று மாதமாகியிருந்தது. அதற்குப் பதிலாக ஆளுக்கு நான்கு இஸ்திரிப் பெட்டிகளைக் கொடுத்து, "எங்கயாவது வித்துப் பொழைச்சுக்குங்க" என்று கைகழுவிவிட்டார்கள். 1991ஆம் வருட இலையுதிர் காலத்தில் உக்ரைனில் எங்கள் லிவீவ் நகரத்தில் பாதி மூட்டையும் கையுமாகப் போலந்து ரயிலில்தான் இருந்தது.

என் கணவர் ஓஸ்தாபுக்கு ஆஸ்துமா. குளிர்காலத்தைத் தாண்ட நான்கு இன்ஹேலராவது வேண்டும். எங்கள் ஊர் மருந்துக்கடைகளில் அலமாரி மட்டும்தான் மிச்சம். போலந்தில் ஒரு இஸ்திரிப் பெட்டியை விற்றால் ஒரு இன்ஹேலர் வாங்கலாம்.

எல்லையில் ஆளுக்கு இரண்டு பெட்டிதான் அனுமதி. என்னோடு வேலை பார்த்த ஸ்லாவா தன்னுடையதை ஊரிலேயே விற்றுத் தின்றிருந்தாள். அதனால் என்னுடைய மற்ற இரண்டையும் அவள் தன் சுங்கத் தாளில், தன் பெயரில் எழுதிக்கொண்டாள். எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. பதினெட்டு வருடம் ஒரே மேசையில் உட்கார்ந்து, உற்பத்தி இலக்கை எட்டிவிட்டோம் என்று அவள் பொய்க்கு நானும் என் பொய்க்கு அவளும் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருநாளும் ஒருத்தியை ஒருத்தி காட்டிக்கொடுத்ததில்லை.

எல்லை தாண்டியதும் வரும் போலந்து ஊரான பிஷெமிஷ்லின் சந்தையில் என் இரண்டையும் விற்று, மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினேன். ஸ்லாவாவிடம் பெட்டிகளைக் காணோம். காலடியில் இரண்டு கட்டு ஜீன்ஸ்.

"என் பெட்டி எங்கடி?"

"எந்தப் பெட்டி?" சுங்கத் தாளை எடுத்து நீட்டினாள். "யாரு பேரு போட்டிருக்கு? நல்லாப் படிச்சுப் பாரு."

"விளையாடாத ஸ்லாவா. ஓஸ்தாபுக்கு மருந்துடி!"

"அட போடி டார்கா. இதென்ன நம்ம தொழிற்சாலையா? இப்ப இதுக்குப் பேரு வியாபாரம்."

கத்தினேன், கெஞ்சினேன். எங்களோடு ரயிலில் வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் பக்கத்திலேயே கடை விரித்திருந்தார்கள். அந்தப் பெட்டிகள் என்னுடையவை என்று எல்லோருக்கும் தெரியும். ஒருத்தியாவது வாயைத் திறக்க வேண்டுமே!

திரும்பும் ரயிலில், ஒன்றுமே நடக்காதவள் மாதிரி ஸ்லாவா ஒரு ஜீன்ஸ் கட்டை என் இருக்கைக்கு அடியில் தள்ளினாள். உள்ளே கொண்டுவர ஆளுக்கு ஒரு கட்டுதான் அனுமதி.

"உன் தாள்ல எழுதிக்கோடி கண்ணு."

நான் அவளை ஏமாற்றிவிடுவேனோ என்ற பயம் அவளுக்குக் கொஞ்சமும் இல்லை. மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் என்னைச் சுட்டது. இரண்டு இன்ஹேலர் என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன்.

சுங்க அதிகாரி காலால் கட்டைத் தட்டினார். "இது யாரோடது?"

கூட வந்தவளின் சரக்காக இருந்தாலும் 'என்னோடது' என்று சொல்வதுதான் அந்த ரயிலில் எழுதாத சட்டம்.

"அவளோடது," என்றேன்.

அவர் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். ஸ்லாவா எழுந்து நின்று கத்தினாள். "துரோகி! கூட வந்தவளையே காட்டிக்கொடுத்துட்டியே!"

"இவளெல்லாம் ஒரு மனுஷியா?" என்று எதிரே இருந்தவள் தன் பையை எடுத்துக்கொண்டு வேறு இடத்துக்குப் போனாள். சந்தையில் வாயே திறக்காத அத்தனை பேரும் லிவீவ் வரும்வரை வாயை மூடவில்லை.

என் பையில் இரண்டு இன்ஹேலர்கள் இருந்தன. எங்கள் ஊரில் குளிர் மார்ச் மாதம்வரை இருக்கும்.