பதினோராவது அழைப்பு

எங்கள் அலுவலகத்தில் ஒரே நேரத்தில் பத்துப் பேர்தான் பேச முடியும். நான் சொல்வது ஊழியர்களை அல்ல. ஊழியர்கள் மொத்தமே நான்கு பேர், அதில் முதலாளி வேலை செய்வதில்லை. கடலில் இருக்கும் கப்பல்களிலிருந்து மாலுமிகள் வீட்டுக்குப் பேச இணையம் வழியாக லைன் கொடுப்பது எங்கள் தொழில். கப்பலுக்குக் கிடைக்கும் செயற்கைக்கோள் இணைப்பு மகா ஒல்லி. பேச்சை அப்படியே அனுப்பினால் இரண்டு பேரிலேயே அடைத்துக்கொள்ளும். அதனால் குரலை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கி அனுப்புவார்கள், எங்கள் சர்வர் அதை விரித்து வீட்டு ஃபோனுக்குக் கொடுக்கும். இப்படிச் சுருக்கி விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். அதற்கு யாரோ காப்புரிமை வாங்கி வைத்திருந்தார்கள். ஒரு நேரத்தில் ஒரு குரலை விரிக்க ஒரு லைசென்ஸ். எங்களிடம் இருந்தது பத்து.

பத்து போதாது என்று எல்லாருக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அத்தனை கப்பலிலும் அத்தனை பேருக்கும் ஒன்றாக வீட்டு ஞாபகம் வந்துவிடும். கல்லில் நார் உரிக்கும் எங்கள் முதலாளியே ஒருநாள், இன்னும் பத்து வாங்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றது நான்தான்.

"நாலு மாசம் பொறுங்க சார். காப்புரிமை காலாவதியாகப் போகுது. அதுக்கப்புறம் யார் வேணா விரிக்கலாம், எத்தனை வேணா விரிக்கலாம். நாலு மாசத்துல ஓசியில கிடைக்கப் போறதை இப்ப போய் யாராவது வாங்குவாங்களா?"

"அதுவரைக்கும் என்ன பண்றது?"

"நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டேன். பத்து இடமும் நிரம்பிவிட்டால், பதினோராவது அழைப்பு வீட்டில் மணி அடிக்காது. நேராக அந்த வீட்டின் குரல் பெட்டிக்குப் போய்விடும். 'இப்போது பேச இயலவில்லை, செய்தியைச் சொல்லுங்கள்' என்று ஓர் அறிவிப்பு வரும். அதைப் பேசிப் பதிவு செய்ததும் நான்தான், வெளியே ஆள் வைக்க முதலாளி சம்மதிக்கவில்லை. கப்பல்காரர் பேசுவது சுருங்கிய வடிவிலேயே சர்வரின் வட்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். சேமித்து வைக்க லைசென்ஸ் தேவையில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒரே ஒரு இடைஞ்சல். சேமித்ததைக் கேட்க வேண்டுமானால் விரித்துத்தான் ஆகவேண்டும், அதற்கு ஓர் இடம் காலியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் 'உங்களுக்கு ஒரு செய்தி' என்று என் குரலில் அறிவிப்பு மட்டும் கேட்கும், அதன் பிறகு செய்தி முடியும்வரை வெறும் அமைதி. முதல் வாரமே வீட்டுக்காரர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒரு அம்மாவுக்கு நாங்கள் ஞாயிறம்மா என்று பெயர் வைத்திருந்தோம். மகன் ஒருவன், வேறு யாருமில்லை.

"பையன் கூப்பிட்டிருக்கான் கண்ணு, ஆனா ஒண்ணுமே பேசல. என்மேல எதுவும் கோவமோ?"

"அய்யோ, அவர் பேசியிருப்பாரும்மா. எங்க பெட்டிதான் பேசல. அரை மணி நேரம் கழிச்சு மறுபடி போட்டுக் கேளுங்க."

இதை நான் ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன்.

என் கணவனும் எங்கள் லைன் உள்ள ஒரு கப்பலில்தான் இருந்தான், எலக்ட்ரீஷியன். கல்யாணமாகி ஆறு வருடம். முதல் வருடமே எங்களுக்குள் ஒரு சட்டம் போட்டுக்கொண்டோம், சண்டையை எழுதக்கூடாது என்று. ஒருமுறை மெசேஜில் சண்டை போட்டு, அவன் ஒன்று எழுத நான் வேறு தொனியில் படிக்க, பத்து நாள் பேச்சுவார்த்தை நின்றுபோனது. அன்றிலிருந்து எதுவானாலும் வாயால்தான். அந்தச் சட்டத்தை இருவருமே மீறியதில்லை. எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்த நல்ல குணம் அது ஒன்றுதான், பிடிவாதம்.

போன வருடம் எனக்கு நான்காவது மாதத்தில் கரு கலைந்தது. அவன் நடுக்கடலில் இருந்தான். மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஃபோனில் அழுதேன். மறுமுனையில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒன்பது நிமிடம். திரையில் நேரம் ஓடுவதைப் பார்த்துக்கொண்டே அழுதேன். பிறகு லைன் அறுந்தது. ஊருக்கு வந்தபோதும் அதைப் பற்றி அவன் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மனசுக்குள் வைத்து வைத்து அரைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த பயணத்துக்கு என்னிடம் கேட்காமல் அவன் ஒப்புக்கொண்டு வந்த நாளில் எல்லாம் வெடித்தது. பிரிந்துவிடலாம் என்றேன். சரி என்றான். அந்தச் 'சரி'யை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வக்கீலம்மாவிடம் மனு எழுதி வாங்கினோம். அவன் தன் கையெழுத்தைப் போட்டு அலமாரியில் வைத்தான்.

"நீ இப்பவே போடாத. நானும் யோசிக்கறேன், நீயும் யோசி. கூப்பிட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

யோசித்தேன் என்று சொன்னால் பொய். காத்திருந்தேன். குளிக்கப் போனால்கூட ஃபோனைக் கூடவே எடுத்துப் போனேன். ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மணி அடிக்காமலேயே, குரல் பெட்டியில் ஒரு செய்தி என்று தகவல் வந்தது. உடனே போட்டுக் கேட்டேன். என் குரலே எனக்கு அறிவித்தது, ஒரு செய்தி என்று. பிறகு அமைதி. இரண்டு நிமிடம் நாற்பது வினாடி.

இங்கேதான் நான் சொல்ல வெட்கப்படுவது வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம், பத்து இடமும் நிரம்பியிருக்கும் நேரம், இந்த ஏற்பாட்டைச் செய்தவளே நான். ஊருக்கெல்லாம் சொன்ன பதிலை எனக்கு நானே சொல்லிக்கொள்ளத் தோன்றவில்லை. ஏனென்றால் அந்த அமைதியை எனக்கு ஏற்கெனவே தெரியும். ஒன்பது நிமிடம் கேட்டிருக்கிறேனே. இவன் இப்படித்தான், இப்பவும் வாயைத் திறக்கவில்லை என்று ரத்தம் தலைக்கேறியது. அழிக்கும் எண்ணை அழுத்தினேன். மறுநாள் காலை மனுவில் கையெழுத்துப் போட்டு வக்கீலம்மாவின் மேசையில் வைத்தேன்.

"நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்றார்.

"அவர் யோசிச்சுச் சொல்லிட்டார்" என்றேன்.

அதன்பின் அவன் கூப்பிடவேயில்லை. மூன்றாவது மாதம் விசாரணைக்குக் காணொளியில் வந்தான். இளைத்திருந்தான். சம்மதமா என்று நீதிபதி கேட்டார். "அவங்க விருப்பம் எதுவோ அதுதான்" என்றான். வாழ்க்கையில் ஒருமுறையாவது தன் வாயால் ஒன்றைச் சொல்லமாட்டானா என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். தீர்ப்பு சொல்ல ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

காப்புரிமை முடிந்த அன்று முதலாளி எல்லாருக்கும் இனிப்பு வாங்கி வந்தார். காலையிலேயே இலவச நிரலை சர்வரில் ஏற்றினேன். லைசென்ஸ் கோப்பைத் தூக்கிக் கடாசினேன். இனி ஏற்கெனவே வட்டில் கிடக்கும் பழைய செய்திகளை அது ஒழுங்காக விரிக்கிறதா என்று சோதிக்க வேண்டும். அடுத்தவர் வீட்டுச் செய்தியைத் திறந்து கேட்பது எங்கள் தொழிலில் பாவம். சோதனைக்கு அவரவர் பெட்டியைத்தான் எடுக்க வேண்டும். என் பெட்டி காலி. அழித்தவை நான்கு மாதம் குப்பையில் கிடக்கும், அதில் ஒன்றே ஒன்று இருந்தது. ஊமைச் செய்தியை வைத்து என்னத்தைச் சோதிப்பது என்று முணுமுணுத்துக்கொண்டே, நிரல் பிழை காட்டாமல் ஓடுகிறதா என்றாவது பார்ப்போம் என்று தட்டிவிட்டு, இனிப்புப் பெட்டியை எடுக்கத் திரும்பினேன்.

"நான்தான்" என்றான்.

காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் வேறு யாருக்கும் கேட்கவில்லை.

"நீ எடுக்க மாட்டேன்னு தெரியும். பரவால்ல, இதுலயே சொல்லிடறேன். எழுதி வச்சுப் படிக்கறேன், சிரிக்காத. அன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில இருந்து பேசினப்ப நான் ஏன் பேசலைன்னு கேக்கவேயில்ல நீ. நான் அழுதுட்டு இருந்தேன். பின்னாடி வரிசையில பத்துப் பேர் நின்னாங்க. உனக்குக் கேட்டா நீ இன்னும் உடைஞ்சுடுவியோன்னு மைக்கைக் கையால மூடிக்கிட்டேன். அப்புறம் அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அந்தக் காகிதத்தைக் கிழிச்சுடு. வெள்ளிக்கிழமை கப்பல் கரைக்கு வருது. வான்னு ஒரு வார்த்தை சொல்லு, மூட்டையைக் கட்டிக்கிட்டு இறங்கிடறேன், இனிமே கப்பலே வேணாம். நீ ஒண்ணும் சொல்லலைன்னா..." காகிதம் திருப்பும் சத்தம். "சொல்லலைன்னா அதுதான் உன் பதில்னு எடுத்துக்கறேன். மறுபடி தொந்தரவு பண்ண மாட்டேன்."

கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வாயில் துப்பட்டாவை அடைத்துக்கொண்டு அழுதேன். அரை மணி நேரம் பொறுத்திருந்தால் போதும், வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. என் வேலையைத் தெரிந்த ஒருத்தியாக நான் நடந்திருந்தால் போதும். அவனுடைய கடைசிப் பேச்சுக்கு முன்னால் அவன் கேட்டதும், இப்போது பேச இயலவில்லை என்ற என் குரல்தான்.

மாலையில் அவனைக் கூப்பிட்டேன். இப்போது தூரத்துத் துறைமுகம் ஒன்றில் பட்டறை வேலையில் இருக்கிறான் என்று அவன் தங்கை சொல்லி எண் கொடுத்தாள். இரண்டாவது மணியில் எடுத்தான். எல்லாவற்றையும் சொன்னேன், லைசென்ஸ், பத்து இடம், குப்பை, எதையும் விடாமல். குறுக்கே பேசாமல் கேட்டான். இந்த முறை மூச்சுச் சத்தம் கேட்டது.

"நீ கேக்கவே இல்லையா" என்றான்.

"இன்னைக்குத்தான் கேட்டேன். நீ வா. நான் சொல்றேன்ல, வா. நான் அங்க வரேன்னாலும் சரி."

அவன் குரலில் கோபம் துளிகூட இல்லை.

"வெள்ளிக்கிழமை பூராவும் ஃபோன் ரூம்லயே உக்காந்திருந்தேன். சாப்பாட்டை அங்கயே கொண்டாந்து குடுத்தாங்க. கப்பல் கிளம்பற வரைக்கும் பாத்தேன். அப்புறம் ஒரு மாசம் உன்மேல அப்படியொரு கோவம். அந்த ஒரு மாசத்துல நீ கூப்பிட்டிருந்தாக்கூட சண்டை போட்டுட்டாவது வந்திருப்பேன். அப்புறம் கோவம் போயிடுச்சு. நீ அதைக் கேட்டிருப்ப, வேணாம்னு நினைச்சிருப்ப, சரின்னு மனசைத் தேத்தி எடுத்துட்டேன். ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் எடுத்தேன்."

"அதுல சொன்னதெல்லாம் நிஜம்தானே?"

"நிஜம்தான். ஒவ்வொரு வார்த்தையும் நிஜம். ஆனா அது அன்னைக்கும்மா."

அவன் பின்னால் யாரோ வேலைக்குக் கூப்பிட்டார்கள். வரேன் என்று அவர்களுக்குச் சொன்னான். என்னிடம், உடம்பைப் பார்த்துக்கோ என்றான். வைக்கட்டுமா என்று கேட்டான். வைக்காதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன், சரி என்று வந்தது.