எல்லாத்தையும் பாத்துடுங்க டாக்டர்

காலையில் பிரசன்னா பால் புட்டியைக் கொதிநீரில் போட்டான். பாப்பாவின் துணிகளை மெஷினில் போட்டான். காபி போட்டான், குடிக்க மறந்தான். பாப்பா அழுதாள், தூக்கினான். பால் கொடுத்துத் தோளில் போட்டுத் தட்டினான், சட்டையில் கக்கினாள். வேறு சட்டை மாட்டினான். சுபாஸ்ரீ டெங்குவில் போன பிறகு ஹைதராபாத் திருமுல்கேரி வீட்டில் காலை என்றால் இவ்வளவுதான். பிறகு பாப்பாவையும் மாமியார் மங்கையர்க்கரசியையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு டாக்டர் சபீனாவிடம் கிளம்பினான்.

மரபணு மருத்துவரான சபீனாவால் அவனை எளிதில் மறக்க முடியாது. சுபா கர்ப்பமாக இருந்தபோது அவர் அவளிடம்தான் கேட்டார்: "உங்க ரத்தத்துலயே குழந்தையோட குரோமோசோம பாத்துடலாம்மா. செக்ஸ் குரோமோசோம்ல குறை இருக்கான்னும் பாக்கணுமா? அது உங்க இஷ்டம்."

சுபா வாயைத் திறப்பதற்குள், "எல்லாத்தையும் பாத்துடுங்க டாக்டர்" என்றான் பிரசன்னா. அவன் சாப்ட்வேர் டெஸ்டர். எதையும் சோதிக்காமல் விட்டால் தூக்கம் வராது. தவறு அகப்பட்டால் அடுத்து என்ன செய்வது என்பது வேறு குழுவின் வேலை.

அகப்பட்டது. "சந்தேகம்தான், உறுதி இல்ல. பல சமயம் தப்பாவும் காட்டும்" என்று டாக்டர் வார்த்தைகளை அளந்து பேசினார். ஆணா பெண்ணா என்று கோடி காட்டினாலும் குற்றமாயிற்றே. "பிறந்தப்புறம் இதயத்தையும் வளர்த்தியையும் கவனிக்கணும்..."

இணையத்தைப் பாதி குடித்துவிட்டு வந்திருந்த பிரசன்னா துள்ளி எழுந்தான். "அப்ப டர்னர் சிண்ட்ரோம்! அது பொண்ணுங்களுக்குத்தான் வரும். அப்ப பொண்ணு!"

ஹைதராபாத்திலேயே வளர்ந்த டாக்டர் காதைப் பொத்திக்கொண்டார். "கைக்கு சார், எதுக்குக் கத்துறீங்க? நான் ஒண்ணும் சொல்லல!"

"நீ வெளிய போய் உக்காரு, பிரசன்னா" என்றாள் சுபா.

உட்கார்ந்தான். அவள் தனியாகப் பேசிவிட்டு வந்தாள். வயிற்றில் ஊசி குத்தி உறுதி செய்துகொள்ளும் பரிசோதனை இப்போது வேண்டாம். "எதுவா இருந்தாலும் பெத்துக்கத்தான் போறோம். பொறந்தப்புறம் பாத்துக்கலாம்."

குழந்தை பிறந்தது, பெண்தான். பார்த்துக்கொள்ளத்தான் சுபாவுக்கு நேரம் இல்லாமல் போயிற்று.

"நல்லாத்தானே இருக்கா மாப்பிள்ளை? ரத்தம் எடுக்கறேன்னு பச்சக் குழந்தைய எதுக்குக் குத்தணும்? சுபா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவா" என்றார் மாமியார் ஆட்டோவில்.

"சொல்லுவா அத்தை" என்றான். என்ன சொல்லுவாளோ, அவனுக்கு எப்படித் தெரியும்? இருந்தபோது சொல்லவிட்டிருந்தால் அல்லவா?

"பாப்பாவோட ரத்தத்துல பாத்துடலாமா பிரசன்னா? வேணாம்னாலும் சரி" என்றார் சபீனா, கிளினிக்கில்.

இந்த முறை கேட்டது அவனைத்தான். இவ்வளவு காலம் ஊரார் கேள்விக்கெல்லாம் முந்திக்கொண்ட நாக்கு முதல் தடவையாகப் பதிலுக்குப் பதில் ஒரு கேள்வியைத் தேடியது. கடைசியில், "இருந்தா என்ன செய்வீங்க?" என்று கேட்டான். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரு பிரசவம் தாண்டி வந்து சேர்ந்தது.

"இதயத்த ஸ்கேன் பண்ணுவோம். வளர்த்தி குறைஞ்சா ஊசி இருக்கு, முன்னாடியே தெரிஞ்சா நல்லது. இல்லேன்னா நிம்மதியா வீட்டுக்குப் போங்க."

பிரசன்னா திரும்பினான். "நீங்க என்ன சொல்றீங்க அத்தை?"

மங்கையர்க்கரசி திடுக்கிட்டார். மாப்பிள்ளை தன்னை ஒன்று கேட்டு அவர் பார்த்ததில்லை. பாப்பாவின் பாதத்தைத் தடவிக்கொண்டே யோசித்தார். "அவளுக்கு நல்லதுன்னா எடுக்கட்டும்."

"எடுங்க டாக்டர்."

ஊசி ஏறியதும் பாப்பா வீறிட்டாள். மாமியாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சுபா கடைசியா பாப்பாவ பாத்துக்கச் சொன்னதாச் சொன்னீங்களே மாப்பிள்ளை. அவ பேச்ச காப்பாத்திட்டீங்க."

அப்படித்தான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தான். கேட்டவர்களுக்கு அதுதான் வேண்டியிருந்தது. அவள் கடைசியாகச் சொன்னது வேறு. ஐசியூ டாக்டர் சுபாவிடம் குனிந்து, மூச்சு விடக் கஷ்டமாக இருக்கிறதா என்று கேட்டார். "காலையிலேர்ந்தே இருக்கு டாக்டர்" என்றான் பிரசன்னா. சுபா ஆக்சிஜன் மாஸ்க்கைக் கொஞ்சம் விலக்கினாள்.

"அவர் என்னைத்தான் கேட்டாரு. நீ சும்மா இரு."