பத்துக்குப் பதினாலு

"உள்ள வைக்கப் போறதுலயே நீளமான சாமான் எது?" என்று அண்ணன் கேட்டார். சாப்பாட்டு மேஜையில் பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, அது சுருளாமல் இருக்க மூலைக்கு ஒரு டம்ளர் வைத்து, பென்சிலும் கையுமாக உட்கார்ந்திருந்தார். தம்பி யோசிக்காமல், "ஆறடி இருக்கும்ணே" என்றான். சொன்ன பிறகுதான், யாரை மனசில் அளந்து அதைச் சொன்னோம் என்பது அவனுக்கு உறைத்தது. அப்படி என்ன சாமான் என்று அண்ணன் கேட்க, ஏணி என்று சமாளித்தான். வீட்டில் இருந்த ஏணி அவன் மார்பு உயரம்கூட வராது. தம்பி புது ஏணி வாங்கப் போகிறான் போலிருக்கிறது என்று அண்ணனே ஒரு சமாதானம் கண்டுபிடித்துக்கொண்டு, தாளின் ஓரத்தில் ஏணி என்று எழுதினார்.

வீட்டுக்குப் பின்னால் போடப்போகிற அந்த ஷெட் ஏணிக்கும் இல்லை, மண்வெட்டிக்கும் இல்லை. அண்ணனுக்கு. அவரை அங்கே குடிவைப்பதற்கு. இது தம்பிக்கும் அவன் மனைவிக்கும் மட்டுமே தெரியும். யார் குடியிருக்கப் போகிறாரோ அவர் தன் கையாலேயே அதை வரைந்துகொண்டிருந்தார்.

அண்ணன் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. கல்யாணம் முறிந்து, வாடகை வீட்டைக் காலி செய்து, தட்டுமுட்டுச் சாமான்களை ஒரு நண்பரின் கார் கொட்டகையில் அடைத்துவிட்டு, இரண்டு பைகளோடு வந்து நின்றபோது, "ரெண்டே வாரம்டா, அதுக்குள்ள ஒரு எடம் பாத்துடுவேன்" என்றார். கதவு ஜன்னல் செய்யும் பட்டறையில் வரைபடம் போடுகிறவராக இருந்தவர். பட்டறை வேறு ஊருக்குப் போய்விட்டது. இப்போது ஒரு கிடங்கில் அரை நாள் வேலை. வீட்டில் இருப்பதே இரண்டு படுக்கையறை. மகளின் அறையை அவருக்குக் கொடுத்து, மகளைக் கூடத்து சோபாவுக்கு மாற்றினார்கள். அப்போது அவளுக்கு அது விளையாட்டாக இருந்தது. டிவிக்குப் பக்கத்திலேயே தூங்கலாம் என்று குதித்தாள். இப்போது வளர்ந்துவிட்டாள். உடை மாற்றக் குளியலறைக்குப் போகிறாள். காலையில் யாராவது மணி அடித்தால் போர்வையோடு அம்மா அறைக்குள் ஓடுகிறாள். தோழிகள் வீட்டுக்கு வரவா என்று கேட்கிறார்கள் என்று ஒரு நாள் சொல்லிவிட்டு, "வந்தா எங்க உக்காருவாங்க?" என்று தனக்குத் தானே கேட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தாள். மனைவி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பின்னால் இடம் சும்மாதான் கிடக்கிறது, பத்துக்குப் பதினாலில் ஒரு ஷெட் போட்டால் ஒரு மனிதர் கௌரவமாக இருக்கலாம் என்றாள். அவர் உங்க அண்ணன், நீங்கதான் சொல்லணும் என்றும் சொன்னாள். தம்பியும் வீராப்பாகத் தலையை ஆட்டினான்.

அண்ணன் கொஞ்சம் தொல்லை கொடுக்கிறவராக இருந்திருந்தால் எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். குடித்துவிட்டு வந்திருக்கலாம், சாப்பாட்டில் குறை சொல்லியிருக்கலாம். மனிதர் அதற்கெல்லாம் பிடியே கொடுக்கவில்லை. மற்றவர்கள் எழுவதற்குள் குளித்து முடித்துவிடுவார். வீட்டில் எந்தக் கதவும் இப்போது கிரீச்சிடுவதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியின் ஒழுகல் நின்றுவிட்டது. மகளுக்குக் கணக்கு சொல்லித் தருவார், அவள் அறைக்குள் எதையாவது எடுக்க வந்தால் இவர் எழுந்து வெளியே போய் நிற்பார். இப்படிப்பட்டவரிடம் போய், அண்ணே, நீ கொஞ்சம் வெளியே படுத்துக்கோ என்று எந்த வாயால் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே, பின்னாடி ஒரு ஷெட் போடலாம்னு இருக்கோம்" என்று ஆரம்பித்தான். அடுத்த வாக்கியம் வருவதற்குள் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். ரெடிமேடாக வாங்கி ஏமாறாதே, அதெல்லாம் ரெண்டு மழைக்குத் தாங்காது, நம்ம அளவுக்கு நாமே சொல்லிச் செய்யலாம், நான் வரைந்து தருகிறேன் என்றார். பட்டறை போன பிறகு அவர் முகத்தில் அப்படி ஒரு களை வந்து தம்பி பார்த்ததில்லை. மிச்சப் பாதியை மென்று முழுங்கிவிட்டான். முழுங்கியது முழுங்கியதுதான், அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அது இன்னும் கீழே இறங்கிக்கொண்டே போயிற்று.

சொல்ல முடியாததையெல்லாம் தம்பி ஷெட்டுக்கான வசதிகளாகக் கேட்க ஆரம்பித்தான். கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்றான். எதற்கு என்று அண்ணன் கேட்டதற்குக் காற்றோட்டத்துக்கு என்றான். போன் சார்ஜ் போடுகிற மாதிரி ஒரு பிளக், தலைக்கு மேல் விளக்கு, தரை நிலத்திலிருந்து நன்றாக உயர்ந்திருக்க வேண்டும், சுவருக்கு இரட்டைப் பலகை, நடுவில் குளிர் தாங்கத் தெர்மாகோல். ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அண்ணனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன்டா, கடப்பாறைக்குக் குளிருமா? துடைப்பத்துக்கு ஜன்னல் வேற. பொழுது போகலைன்னா வேடிக்கை பாக்குமா?"

மகளும் சேர்ந்து சிரித்தாள். அப்படியே மண்வெட்டிக்கு ஒரு தலையணை போடுங்க பெரியப்பா என்றாள். தம்பியும் சிரிக்க வேண்டியிருந்தது. மனைவி மட்டும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு தனியாக இருக்கும்போது, சொல்லியாச்சா என்று கேட்டாள். நாளைக்கு என்றான். அவன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிறவன். நாள் முழுக்க வருகிறவர்களிடம், இப்போ தெளிவா இருக்கா, இப்போ, என்று கேட்டுக்கொண்டே இருப்பது பிழைப்பு. வீட்டுக்கு வந்தால் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்ல நாக்கு எழவில்லை. தன்னைத் தானே திட்டிக்கொள்வதில் மட்டும் குறை வைக்கவில்லை.

ஷெட் செய்கிற தச்சர் வந்து இடம் பார்த்தார். கயிறும் முளைக்குச்சியும் எடுத்துக்கொண்டு அண்ணன்தான் அவரோடு முன்னும் பின்னும் நடந்தார். பத்தடி, பதினாலடி, மூலைமட்டம் எல்லாம் பார்த்து முடித்ததும் தச்சர் ஒரு கேள்வி கேட்டார். சாதாரணமாகக் கேட்டார்.

"ஆள் பொழங்கற எடமா, சாமான் போடற எடமா? ஆள்னா தரை, சுவர் எல்லாம் வேற மாதிரி அடிக்கணும்."

தம்பி வாயைத் திறந்தான். அதற்குள் அண்ணன், "சாமான்தாங்க. ஒத்தைப் பலகை போதும். இவன் அது வேணும் இது வேணும்னு அடுக்குவான், நீங்க காதுல போட்டுக்காதீங்க" என்றார். இவன்தான் வீட்டுக்காரன் என்று புரிந்தவராக, தச்சர் பதிலுக்குத் தம்பியைப் பார்த்தார். தம்பி கயிறு கட்டிய குச்சியைப் பார்த்தபடி, வெயில் இன்றைக்குக் கொஞ்சம் அதிகம் என்றான். திறந்த வாயை எதற்காவது பயன்படுத்த வேண்டுமே. திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள் வரைபடத்தைக் கொடுத்துவிட்டால் மரம் அறுக்க ஆரம்பித்துவிடுவேன், அறுத்த பிறகு மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டுத் தச்சர் கிளம்பினார்.

அவர் போன பிறகு அண்ணன் கயிற்றுக்குள்ளேயே நின்றிருந்தார். பக்கத்துக் கொடியில் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அண்ணன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"எனக்குத் தெரியும்டா, இது எதுக்குன்னு."

தம்பிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனைவியின் கையில் இருந்த ஈரத்துணி அப்படியே நின்றது. ஆனால் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, அவனுக்கு அப்பாடா என்றும் இருந்தது. அதற்காகவே பிறகு அவன் அதிகம் வெட்கப்பட்டான்.

"என் சாமானுக்குத்தானே? என் பிரெண்டு கொட்டகையைக் காலி பண்ணுன்னு போன்ல கத்தினதை நீ கேட்டிருக்கே. வாயத் தொறந்து சொல்லாம ஏணி, கடப்பாறைன்னு கதை விடறே." அண்ணன் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "கட்டிலு, பீரோ, பிரிஜ்ஜு, எல்லாம் அங்க வீணாப் போகுதுன்னு நெனைக்கறப்பல்லாம், நான் எங்கயாவது போயிடணுமோ, இவங்களுக்குப் பாரமா இருக்கேனோன்னு தோணும். இப்ப சாமானுக்கே எடம் பண்றீங்க. அதுக்கப்புறம் எனக்கென்ன. உன்கிட்டயும் சொல்லணும்மா. உனக்குப் பெரிய மனசு."

மனைவி, பரவாயில்லை மாமா என்றாள். பாதித் துணியைக் கூடையிலேயே விட்டுவிட்டு உள்ளே போனாள்.

தம்பி பின்னாலேயே போனபோது அவள் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, எதையும் கழுவாமல் நின்றிருந்தாள். முகம் சிவந்திருந்தது. ஷெட்டே வேண்டாம், அந்தத் தச்சரை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றாள். சரி என்றான் அவன், உடனே, வெட்கமில்லாமல். அவ்வளவு சுலபமாக அவன் சரி சொன்னதைப் பார்த்ததும் அவளுக்கு மறுபடியும் கோபம் வந்தது.

"அப்ப குட்டிக்கு என்ன பதில் சொல்றது? நேத்து பாத்ரூமுக்குள்ள உக்காந்து படிச்சிட்டிருக்கா. கதவு சாத்தியிருக்கற எடம் அது ஒண்ணுதானாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "மொதல் நாளே நீங்க சொல்லியிருந்தா ஒரு வருத்தத்தோட போயிருக்கும். இப்ப நன்றி சொல்ல வெச்சுட்டீங்களே அவரை."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை என்பதுதான் அவனை அதிகம் குத்தியது. அண்ணனைக் காயப்படுத்தக் கூடாது என்றுதான் சொல்லாமல் இருக்கிறேன் என்று இத்தனை நாள் தன்னை ஏமாற்றிக்கொண்டிருந்தான். உண்மையில், அண்ணன் முகம் சுருங்குவதைத் தான் பார்க்க வேண்டாம் என்பதற்காகத்தான்.

திங்கட்கிழமை கடையில் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தான். உனக்கும் தனியா ஒரு எடம் வேணும்ல என்று ஆரம்பிப்பது ஒரு விதம். அது அண்ணனுக்காகச் செய்வது போல் இருந்தது. அந்தப் பொய் இன்னும் மோசம். குட்டிக்குப் பரீட்சை வருதுண்ணே என்று தொடங்குவது இன்னொரு விதம். அது பழியைத் தூக்கிக் குழந்தை தலையில் வைப்பது. கடைசியில் ஒருவருக்கு வலது கண் பவரை இடது கண்ணுக்கு எழுதிவிட்டான், நல்லவேளையாக அவரே கேட்டுத் திருத்தினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணன் காத்திருந்தார். இந்த முறை காலண்டர் தாள் இல்லை. கட்டம் போட்ட தாள் புதிதாக வாங்கிவந்து, பட்டறையில் வரைவது போல, சுத்தமாக வரைந்திருந்தார். தச்சர் வருகிற நேரம்தான், ஒரு தடவை பார்த்துவிடு என்று தாளைத் திருப்பி வைத்தார். தம்பி கேட்ட ஜன்னல் இருந்தது. பிளக்கும் இருந்தது. நீ ஆசைப்பட்டுக் கேட்டே, இருந்துட்டுப் போகட்டும் என்றார். பிரிட்ஜ் இந்த மூலை, பீரோ அந்த மூலை என்று பென்சில் முனையால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். நீளச் சுவரை ஒட்டி ஒல்லியாக ஒரு செவ்வகம்.

"இது கட்டில். கழட்டி, இந்தச் சுவத்துல சாச்சு நிக்க வெச்சிடலாம். எடத்தை அடைக்காது."

மகள் சோபாவில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு படித்துக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். தம்பி அந்த ஒல்லிச் செவ்வகத்தையே பார்த்தான். கடையில் சொல்லிப் பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"கட்டிலைக் கழட்ட வேணாம்ணே" என்றான்.

"பின்ன?"

"படுக்கப் போட்டே வரை."

அண்ணன் கேலியாக ஏதோ சொல்ல வாயெடுத்தார். தம்பியின் முகத்தைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். பென்சில் முனை ஜன்னலுக்குப் போயிற்று, அங்கிருந்து பிளக்குக்கு, அங்கிருந்து தரைக்கு. எங்கும் எதுவும் எழுதவில்லை. தம்பி மன்னிப்புக் கேட்க நினைத்தான். குட்டி வளந்துட்டாண்ணே என்று மட்டும் வந்தது. ஆமா, வளந்துட்டா என்றார் அண்ணன், சோபாப் பக்கம் திரும்பாமல்.

ரப்பரை எடுத்து அந்த ஒல்லிச் செவ்வகத்தை அழித்தார். அவசரப்படவில்லை. கட்டம் கலையாமல், கோடு கிழியாமல் அழித்தார். ஸ்கேலை வைத்து, பதினாலடி அறைக்குள் ஆறடிக்கு ஒரு கட்டிலை முழுசாகப் போட்டார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாழ்ப்பாள் வெளிய மட்டும்தான்டா போட்டிருக்கேன்" என்றார். குரல் எப்போதும் போலவே இருந்தது. "உள்பக்கமும் ஒண்ணு வேணும்ல?"

வேண்டும் என்று தம்பி தலையசைத்தான். வாசலில் தச்சரின் வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அண்ணன் குனிந்து, கதவின் உள்பக்கம் ஒரு சின்னக் கோடு போட்டார். அது சரியாகத் தெரியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, அதன் மேலேயே இன்னொரு தடவை, அழுத்திப் போட்டார்.