இருபதைக் கழித்து

கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தவளை நாத்தனார் தோளைப் பிடித்து எழுப்பினாள். கூடத்தில் புருஷன் வெள்ளைத் துணி போர்த்திக் கிடக்கிறார், பெண்டாட்டி ஆபீஸ் பையைத் தேடுகிறாள் என்று நாளைக்கு நாலு பேர் பேசமாட்டார்களா என்பது நாத்தனாரின் கவலை. அவள் கெட்டவள் இல்லை. தம்பி போன துக்கத்தை ஏதாவது ஒரு வேலையில் கரைத்துக்கொள்கிறவள். காலையிலிருந்து வீட்டில் இருந்த சாமான் ஒவ்வொன்றையும் எடுத்து வேறிடத்தில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"பையில என்ன இருக்கு அப்படி? தங்கமா?"

"பிரஷர் மெஷின்."

"இப்ப யாருக்கு பிரஷர் பாக்கப் போற?"

அவள் மறுபடி கட்டிலுக்கடியில் குனிந்தாள். நாத்தனாரின் முகம் இளகிவிட்டது. பாவம், புத்தி பேதலித்திருக்கிறது என்று முடிவு செய்துகொண்டு, ஒரு தம்ளர் தண்ணீரைக் கையில் திணித்துவிட்டுப் போனாள்.

புத்தி தெளிவாகத்தான் இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

அவளுக்குச் சுகாதாரக் கணக்கெடுப்பில் வேலை. வீடு வீடாகப் போய், நாற்பது வயது தாண்டியவர்களின் கையில் பட்டையைச் சுற்றி, மெஷினில் வரும் எண்ணைப் படிவத்தில் எழுத வேண்டும். புகை உண்டா, உப்பு எவ்வளவு, தூக்கம் எத்தனை மணி நேரம், வீட்டில் யாருக்காவது பக்கவாதம் வந்ததா என்று முப்பத்திரண்டு கேள்வி. ஊரின் எந்தப் பக்கத்தில் பக்கவாதம் அதிகம், ஏன் அதிகம் என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம். பயிற்சி வகுப்பில் டாக்டரம்மா சொன்னதை அவள் நோட்டில் அழகான கையெழுத்தில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தாள். இந்த நோய் விலாசம் கேட்டுக்கொண்டுதான் வரும். வசதியான மேட்டு வீடுகளில் எழுபது வயதுக்கு மேல் கதவைத் தட்டும், ஆலைப் பக்கத்து லைன் வீடுகளில் ஐம்பதுக்கு முன்னாலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

எழுதியது நோட்டோடு நின்றது. தலைக்குள் ஏறவில்லை.

முதல் நான்கு மாதம் அவளுக்கு மேட்டு வீடுகள். அங்கே நாய்க்குப் பயந்து வாசலில் காத்திருப்பதைத் தவிர வேறு கஷ்டமில்லை. எண்கள் நூற்றிருபது, நூற்றிருபத்தைந்து என்று சொன்னபடி கேட்டன. அதன் பிறகு அவளை லைன் வீடுகளுக்கு மாற்றினார்கள். அவள் குடியிருப்பதே அங்கேதான். தெரிந்த முகங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு நேரே அடுப்படிக்கே போகலாம் என்று அவளுக்குச் சந்தோஷம். புது இடத்துக்குப் புது மெஷின் ஒன்றும் கொடுத்தார்கள்.

முதல் வீட்டில் நூற்றறுபத்து நான்கு. இரண்டாவது வீட்டில் நூற்றெழுபது. மூன்றாவது வீட்டில் தையல்காரிக்கு நூற்றெண்பத்திரண்டு. அவளோ சிரித்துப் பேசிக்கொண்டே தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள். ஒரு தெருவே எப்படி நோயாளியாக இருக்க முடியும்? தினமும் குழாயடியில் பார்க்கிற ஜனங்கள். மூட்டை தூக்குகிறார்கள், சண்டை போடுகிறார்கள், இரவு ஷிப்டு முடித்து வந்து காய்கறி நறுக்குகிறார்கள். மெஷின்தான் கோளாறு என்று அவள் நினைத்ததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அதை அவள் வீட்டிலேயே சோதித்தும் பார்த்தாள். வேலைக்குக் கிளம்புமுன் தினமும் ஓர் ஆரோக்கியமான ஆளின் கையில் மெஷினைச் சோதித்து, சோதனை நோட்டில் எண்ணை எழுத வேண்டும் என்பது புது மெஷினோடு வந்த ஆபீஸ் விதி. அவள் கை குச்சி. பெரிய பட்டை அதில் நிற்காது. கணவர் கை உருண்டையானது. கண்ணாடிக் கடையில் இருபத்து மூன்று வருடமாகக் கண்ணாடி வெட்டுகிறவர். வைரமுனையை ஒரே இழுப்பாக இழுத்து, தட்டினால் கோடு பிசகாமல் பிரியும். கடையில் அவருக்கு 'ஒரே கோடு' என்றே பெயர். ஒரு நாள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. ஆரோக்கியமான ஆளுக்கு அவள் வேறு எங்கே போவாள்?

அவருக்கும் நூற்றறுபத்தாறு வந்தது.

அதோடு தீர்ந்தது சந்தேகம். கல் மாதிரி இருக்கிற மனுஷனுக்கே நூற்றறுபத்தாறு காட்டுகிறது என்றால் மெஷின் பொய் சொல்கிறது. ரிப்பேர்காரரிடம் அனுப்பினாள். கோளாறு ஒன்றும் இல்லை என்று எழுதித் திரும்பி வந்தது. அவர் பெட்டியைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார் என்று அவள் நினைத்தாள். மறுபடி கேட்டால் மேற்பார்வையாளர் எரிந்து விழுவார், மாதத்துக்கு எண்பது வீடு முடித்தாக வேண்டும். எனவே அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். வருகிற எண்ணில் இருபதைக் கழித்து எழுதினாள். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு மாதம், ஒவ்வொரு வீட்டிலும் இருபதைக் கழித்தாள். "கொஞ்சம்தான் இருக்கு, பயப்படாதீங்க, ஊறுகாயைக் குறைச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

கணக்கெடுப்பவர் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் விதி. அதனால் அவருடைய எண்ணுக்குப் படிவம் கிடையாது. அது சோதனை நோட்டில் மட்டும் இருந்தது, எதையும் கழிக்காமல். நூற்றறுபத்தாறு, நூற்றெழுபத்திரண்டு, நூற்றெழுபது, நூற்றெண்பத்தொன்று. எதிரே அவள் கையெழுத்தில், 'மெஷின் அதிகம் காட்டுகிறது.'

நேற்றுக் காலை ஏழு மணிக்கு அவர் வழக்கம்போல் நாற்காலியில் உட்கார்ந்து, தையல்காரரிடம் அளவு கொடுக்கிறவர் மாதிரி கையை நீட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு. அவள் மெஷினை உள்ளங்கையில் ரெண்டு தட்டு தட்டினாள்.

"எனக்கில்ல, உன் மெஷினுக்குத்தான் பிரஷர்," என்றார் அவர். "அதுக்கு ஒரு மாத்திரை வாங்கிப் போடு."

அவளும் சிரித்தாள். அப்புறம் அவர் சட்டைக் கைப் பொத்தானைப் போட முயன்றார். விரல்கள் வழுக்கின. மறுபடி முயன்றார். கண்ணாடி வெட்டுகிற கை ஒரு பொத்தானுக்கு மசிகிறதே என்று கேலி செய்துகொண்டே அவள்தான் போட்டுவிட்டாள். போன செவ்வாய்க்கிழமை ஒரு கண்ணாடி கோணலாக வெட்டுப்பட்டது என்று அவர் சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தது. வயசாகுதுல்ல என்றார். நாற்பத்தெட்டு. அவள் பையில் நூறு துண்டுப் பிரசுரங்கள் இருந்தன. முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல், உடனே ஆஸ்பத்திரி. நானூறு வீட்டில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தவள், சொந்த வீட்டில் பொத்தானைப் போட்டு அனுப்பிவைத்தாள்.

பத்து மணிக்குக் கொழுந்தன் போன் செய்தான். அண்ணனும் நாலு வயது இளைய தம்பியும் ஒரே கடையில் வேலை, லைனில் தனித்தனி வீடு. வெட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே மேசை மேல் சாய்ந்தார், வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது என்றான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் பட்டையைச் சுற்றினாள். இருநூற்றுப் பதினான்கு.

"இந்த மெஷின் சரியா இருக்கா?" என்று அவள் கேட்டாள்.

நர்ஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். "காலைல இருந்து நாப்பது பேருக்குப் பாத்தாச்சும்மா. ஏன்?"

இன்று விடிகாலையில் அவர் போனார். அவள் அழுதாள், ஆனால் அழுகைக்கு நடுவிலும் இருநூற்றுப் பன்னிரண்டும் இருநூற்றுப் பதினான்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தன. இரண்டு மெஷினுக்கும் நடுவே இரண்டே இரண்டு புள்ளிதான் வித்தியாசம்.

இப்போது மதியம் ஒரு மணி. லைன் முழுவதும் துக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக உள்ளே வந்து, அவர் காலருகே நின்று, அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். அவளுக்கு முகங்கள் தெரியவில்லை. தையல்காரி வந்தாள், நூற்றெண்பத்திரண்டு. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், நூற்றெழுபத்தாறு. பள்ளிக்கூட வாட்ச்மேன், நூற்றறுபத்தெட்டு. கழிப்பதற்கு முன்பிருந்த எண்கள் ஒன்றுவிடாமல் ஞாபகத்தில் இருந்தன. இத்தனை பேரையும் வெள்ளைத் துணிக்குள் பார்ப்பது போல் இருந்தது. நல்ல மனுஷன், இப்படி திடீர்னு போயிட்டாரே என்று எல்லோரும் சொன்னார்கள். திடீரென்று இல்லை, இரண்டு மாதமாகத் தினமும் காலை ஏழு மணிக்குச் சொல்லிக்கொண்டுதான் போனார் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் என்ன ஆகும்? வேலை போகும். அது போகட்டும். நீதானே கொன்றாய் என்று நாத்தனார் கேட்பாள், கொழுந்தன் கேட்பான்.

ஒன்றும் சொல்லாமலும் இருந்துவிடலாம். சோதனை நோட்டை அடுப்பில் போட்டால் ஐந்து நிமிஷம். யாருக்கும் தெரியாது.

கடையின் வண்டி வாசலில் வந்து நின்றது. கண்ணாடிகளைச் சாய்த்துக் கட்டுகிற மரச்சட்டம் வைத்த வண்டி. வேறு எதற்கும் விடாத முதலாளி இன்று அவரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோக விட்டிருந்தார். சட்டத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்த கொழுந்தன், அண்ணன் தலைமாட்டில் நின்று, தலைவலி தாங்காதவன் போல் தன் நெற்றிப்பொட்டைக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தான். காலையிலிருந்து இப்படித்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. எழுந்தாள். குளியலறைக் கதவுக்குப் பின்னால், ஈரத் துண்டுக்கு அடியில், நாத்தனார் பையை மாட்டி வைத்திருந்தாள்.

கூடத்தின் நடுவே ஸ்டூலை இழுத்துப் போட்டு மெஷினை வைத்தாள்.

"தம்பி, உட்காருங்க. கையை நீட்டுங்க."

நாத்தனார், "அம்மா, வேண்டாம், உள்ள வந்து படு," என்று அருகில் வந்தாள். கொழுந்தன் அக்காவைத் தடுத்தான். அண்ணியின் மனசு எதிலாவது ஆறட்டும் என்று நினைத்திருப்பான். உட்கார்ந்து கையை நீட்டினான்.

பட்டை நேற்று அவர் கையிலிருந்து கழற்றிய வாக்கிலேயே, ஒட்டியபடி வட்டமாக இருந்தது. அதைப் பிரித்துச் சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. அப்படியே அவன் கையை உள்ளே விட்டாள். தளர்த்தவோ இறுக்கவோ வேண்டியிருக்கவில்லை. அண்ணன் கையும் தம்பி கையும் ஒரே அளவு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மெஷின் உறுமி, நின்றது.

"எவ்வளவு அண்ணி?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு."

"போன மாசம் நூத்தி அம்பத்தாறுன்னீங்களே."

"நூத்தி எழுபத்தாறு. நான் குறைச்சுச் சொன்னேன்." அவள் பட்டையைப் பிடித்தபடியே சொன்னாள். "எல்லாருக்கும் இருபது குறைச்சுச் சொல்லிட்டேன். மெஷின் தப்புன்னு நினைச்சேன். உங்க அண்ணனுக்கு நேத்துக் காலைல இருநூத்திப் பன்னிரண்டு இருந்துச்சு. பாத்துட்டுத்தான் அனுப்பினேன்."

அவன் மெஷினைப் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான். கை இன்னும் பட்டைக்குள்ளேயே இருந்தது. நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

வாசல்படியருகே நின்ற பேக்கரிக்காரர்தான் முதலில் அசைந்தார். அடுத்த தெருவில் அடுப்போடு அடுப்பாக நிற்கிறவர், நூற்றெண்பத்தெட்டு. தனக்கும் பார்க்கச் சொல்வதற்காகச் சட்டைக் கைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். விரல் வழுக்கியது. மறுபடி முயன்றார். மறுபடி வழுக்கியது. சங்கடமாகச் சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு ஓரத்தில் மட்டும் வந்தது.

அவள் எழுந்து போய் அந்தப் பொத்தானைக் கழற்றிவிட்டாள். அவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எப்ப இருந்து இப்படி?"

"இப்ப... இங்க வந்தப்புறம்தாம்மா. வெயில்ல நின்னது," என்றார். நாக்கு தடித்திருந்தது.

"தம்பி, வண்டியை எடுங்க. முதல்ல இவரை ஏத்துங்க."

கொழுந்தன் எழுந்தான், ஆனால் நகரவில்லை. அண்ணன் கிடந்த பக்கம் பார்த்தான்.

"அவர் இருக்கட்டும்," என்றாள் அவள். "அவருக்கு அவசரமில்ல."

லாரிக்காரரும் வாட்ச்மேனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து பேக்கரிக்காரரை வண்டியில் உட்காரவைத்தார்கள். கொழுந்தன் கையில் இருந்த பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, அவள் முகத்தைப் பார்க்காமல் ஓடினான். ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு வண்டி தெருமுனை திரும்பியது.

அவள் கணவர் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தாள். தையல்காரி தயங்கித் தயங்கி எதிரே வந்து உட்கார்ந்து, வளையல்களை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டாள். தன் மடியில் வட்டமாகக் கிடந்த பட்டையை, அவர் போன பிறகு முதல் முறையாக, தையல்காரியின் கைக்காக அவள் பிரித்தாள்.