முந்திக் கட்டிய பணம்

எங்கள் வீட்டுக்கு வந்த எந்தப் பில்லும் கட்டப்படாமல் ஓர் இரவு தூங்கியதில்லை என்று முப்பத்தொரு வருடங்களாக நம்பியிருந்தேன். நில அளவை அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். சம்பளத்தை வாங்கி மனைவி கையில் கொடுப்பதோடு என் பொறுப்பு முடிந்துவிடும். மற்றதெல்லாம் அவள் பாடு. எங்கள் வாசலில் வந்து நின்று ‘பாக்கி’ என்று ஒருவரும் சொன்னதில்லை. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

இந்த வருடம் அவளுக்கு வலது முழங்காலில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டி வந்தது. காப்பீடு போக எங்கள் பங்கு முப்பதாயிரம். வங்கியில் இருந்த ஒரே வைப்புத்தொகையை உடைத்து, சேர்க்கும்போதே பாதியைக் கட்டினோம். மீதிப் பாதியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் கட்ட வேண்டும்.

மருத்துவமனைக்குக் கிளம்புமுன் அவள் அலமாரியின் இழுப்பறையைத் திறந்து காட்டினாள். ஏழெட்டுக் காகித உறைகள் இருந்தன. மளிகை, பால், மின்சாரம், மருந்து என்று ஒவ்வொன்றின் மேலும் எழுதியிருந்தாள். கனமான ஓர் உறையின் மேல் ‘கால்’ என்று இருந்தது. அதில் பதினைந்தாயிரம்.

“ஒண்ணாந்தேதி உங்க பென்ஷன் வரும். பதினஞ்சாந்தேதி நாம வாடகைக்கு விட்ட கடையோட வாடகை வரும். வர்றதை வாங்கி உள்ள வைங்க, போதும். அவசரப்பட்டு எதையும் கட்டாதீங்க. நான் வந்து பாத்துக்கறேன்” என்றாள்.

“ஒரு ஆபீஸையே நடத்தினவன்கிட்ட பேசற பேச்சா இது?”

“ஆபீஸ் காசு தீந்துபோனா மேலிடத்துக்கு எழுதிப் போடுவீங்க. இங்க யாருக்கு எழுதுவீங்க?”

வலியில் இருப்பவளோடு வாதம் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

ஒன்றாம் தேதி ஓய்வூதியம் வந்தது. அன்று காலையே மளிகைக் கடைக்குப் போய் மாதக் கணக்கை முழுவதும் தீர்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். பால்காரர், மின்கட்டணம், மருந்துக் கடை என்று இரண்டு நாளில் எல்லாம் முடிந்தது. இருபத்தைந்தாம் தேதி வரை கெடு இருந்த காப்பீட்டுத் தவணையை மூன்றாம் தேதியே கட்டினேன். கட்ட வேண்டியதை நாளைக்கு என்று தள்ளுவது கையாலாகாதவன் செய்வது என்பது என் எண்ணம்.

நான்காம் தேதி கீழே அறிவிப்புப் பலகை கண்ணில் பட்டது. எங்கள் குடியிருப்பில் நாற்பது வீடுகள். பராமரிப்புத் தொகை கட்டாதவர்களின் வீட்டு எண்களைச் செயலாளர் மாதாமாதம் அந்தப் பலகையில் ஒட்டிவிடுவார். அதனால் குடியிருப்பில் அவருக்குப் ‘பலகை’ என்றே பெயர். இரண்டு வருடங்களுக்கு முன் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, “மானம் உள்ளவன் எண் இந்தப் பலகையில் ஏறாது” என்று பேசி உட்கார்ந்தேன். இந்த முறை அவர் புதிதாக ஒரு தாளையும் ஒட்டியிருந்தார். ‘ஆண்டுத் தொகையை முழுவதுமாகக் கட்டியவர்கள்’ என்பது தலைப்பு. கீழே ஒரு எண்கூட இல்லை.

அந்த வெற்றிடம் எனக்குப் பொறுக்கவில்லை. நாற்பது வீட்டில் ஒரு வீடுகூடவா இல்லை? மாதம் ஆயிரத்தைந்நூறு, வருடத்துக்குப் பதினெட்டாயிரம். கையில் இருந்ததோடு ‘கால்’ உறையிலிருந்தும் எடுத்துச் சேர்த்துக் கட்டி, ரசீதை என் பெயரில் வாங்கினேன். மாலைக்குள் எங்கள் எண் தாளில் முதலாவதாக ஏறியது. உறையில் எடுத்ததை ஓய்வூதியத்திலிருந்து நிரப்பிவிடலாம் என்று நினைத்திருந்தேன். அந்த ஓய்வூதியத்தைத்தான் மூன்று நாளாகச் செலவழித்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது தோன்றவில்லை.

ஏழாம் தேதி மருத்துவமனையில், ஒன்பதாம் தேதி வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். மாப்பிள்ளை அருகில் இருந்தார்.

“மாமா, மீதி பில்லை நான் கட்டிடட்டுமா?”

“அதெல்லாம் தயாரா இருக்கு மாப்பிள்ளை. நீங்க காரை மட்டும் கொண்டு வாங்க, போதும்” என்றேன்.

வீட்டுக்கு வந்து உறைகளை எண்ணினேன். மொத்தமாக ஐயாயிரத்து அறுநூறு. மறுபடி எண்ணினேன். எண்ணினால் கூடுகிற பொருளா அது? ஒன்பதாயிரத்து நானூறு குறைந்தது. கடை வாடகை வருவதற்கு இன்னும் எட்டு நாள். பெண் கொடுத்த இடத்தில் சொன்ன வார்த்தையை மாற்றிக் கை நீட்டுவது என்பது என்னால் ஆகாத காரியம்.

எட்டாம் தேதி காலை மருத்துவமனையில் மனைவியிடம் சொன்னேன். சுற்றி வளைக்காமல், எதை எப்போது கட்டினேன் என்று வரிசையாகச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டு கேட்டாள்.

“மாப்பிள்ளைகிட்ட கேட்டா என்ன?”

“உயிர் போனாலும் மாட்டேன்.”

“உயிரெல்லாம் போகாது. மானம்தான் போகும். உங்களுக்கு ரெண்டும் ஒண்ணு” என்றவள், கைபேசியை எடுத்து மளிகைக் கடைக்காரரை அழைத்தாள். காது சரியாகக் கேட்காததால் எப்போதும் ஒலிபெருக்கியில்தான் பேசுவாள்.

“அண்ணே, நான்தான்.”

“அக்கா, கால் எப்படி இருக்கு? என்னக்கா இது, சார் ஒண்ணாந்தேதியே வந்து மொத்தக் கணக்கையும் தீத்துட்டுப் போறாரு. நான் பயந்தே போயிட்டேன். வேற கடைக்கு மாறப் போறீங்களோன்னு வீட்டுல சொல்லிப் புலம்பினேன்.”

“மாறவெல்லாம் மாட்டோம். அவருக்கு விவரம் தெரியாது. இந்த மாசச் சாமானுக்கு எப்பவும்போல அடுத்த மாசம் பாதி அஞ்சாந்தேதி, பாதி பதினாறாந்தேதி. சரியா?”

“உங்களுக்கு இல்லாததாக்கா.”

அடுத்து மருந்துக் கடைக்காரரிடமும் அதே குரலில் பேசினாள். நடுவில் அவர் மகளின் பரீட்சையைப் பற்றி விசாரித்தாள். வலிக்கான மாத்திரைக்கு அடுத்த வாரம் பணம் தருவதாகச் சொன்னாள். அவரும் வாங்கிக்கொள்கிறேன் என்றார். எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. கெஞ்சல் என்று சொல்ல முடியாது. பக்கத்து வீட்டில் ஏணி இரவல் கேட்பதுபோல் இருந்தது.

“இப்படித்தான் ஒவ்வொரு மாசமும் நடக்குதா?”

“பணம் ரெண்டு தடவை வருது. செலவு மட்டும் ஒரே தடவையா வந்தா எப்படி? கொஞ்சம் தள்ளித் தள்ளி நிறுத்தி வெச்சாத்தான் நடுவுல நாலு காசு மிஞ்சும். அந்த ‘கால்’ கவர் எப்படி நிரம்புச்சுன்னு நினைச்சீங்க?”

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள்.

“இனிமே ஆகற செலவைத்தான் நான் தள்ள முடியும். நாளைக்கு வேண்டிய காசு பலகைகிட்ட இருக்கு. பதினோரு மாசத்துப் பணத்தைத் திருப்பிக் கேளுங்க.”

“நீ ஒரு வார்த்தை போன்ல சொல்லேன்.”

“ரசீது உங்க பேர்ல. கட்டினது நீங்க. கேக்க வேண்டியதும் நீங்கதான்.”

செயலாளர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். தரைத்தளத்தில் அவர் வீட்டு முன்னறைதான் பட்டறையும் சங்கத்தின் அலுவலகமும். நான் போனபோது மேசைமேல் ஒரு விசிறியைக் கழற்றிப் போட்டு, செம்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“வாங்க சார். ரசீதுல ஏதாவது தப்பா?”

“ரசீதுல தப்பில்ல” என்றேன். அவர் கம்பியைச் சுற்றிக்கொண்டே காத்திருந்தார். இந்த மனிதருக்கு நான் இதுவரை தலையசைத்ததைத் தவிர ஒரு மரியாதையும் காட்டியதில்லை. “ஆண்டுத் தொகையில இந்த மாசத்துக்கு உள்ளதை எடுத்துக்கிட்டு மீதியைத் திருப்பித் தரணும்.”

அவர் ஆச்சரியப்படவில்லை. ஒரு தாளையும் பேனாவையும் நகர்த்தி வைத்தார்.

“தரலாம். ஒரு விண்ணப்பம் மட்டும் எழுதிக் குடுங்க. காரணம்னு ஒரு வரி வேணும். கணக்குப் பாக்கறவங்க கேப்பாங்க.”

நாற்பது வருடம் மற்றவர்களுக்காக விண்ணப்பம் எழுதிய கை இது. ‘தவிர்க்க இயலாத நிர்வாகக் காரணங்களால்’ என்று எழுதிக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

“உங்க வீட்டுல என்ன சார் நிர்வாகம்?”

தாளைத் திரும்ப வாங்கி அந்த வரியை அடித்தேன். பக்கத்தில் ‘கையில் பணம் இல்லை’ என்று எழுதினேன். அறுபத்தொன்பது வயதில் என் கையெழுத்தில் முதல்முறையாக அந்தச் சொற்களைப் பார்த்தேன். கோணல் இல்லாமல்தான் இருந்தது.

“உங்க வீட்டம்மாகூட இவ்வளவு யோசிச்சதில்ல” என்றார் அவர், பெட்டியைத் திறந்தபடி.

“அவ இங்க வருவாளா?”

“வருஷத்துக்கு ஒரு தடவையாவது வருவாங்க. இந்த மாசம் முடியாது, அடுத்த மாசம் சேத்துத் தர்றேன்னு சொல்லிட்டுப் போவாங்க. சொன்ன தேதிக்குத் தந்துடுவாங்க. உங்க காதுக்குப் போக வேண்டாம்னு ஒரு வார்த்தை. இப்ப நீங்களே வந்துட்டீங்க, இனிமே மறைக்க என்ன இருக்கு?”

“எங்க எண் பலகையில ஏறினதே இல்லையே.”

“தேதிக்கு முன்னாடி வந்து சொல்றவங்க எண்ணை நான் எதுக்கு ஒட்டறேன்? சொல்லாம கதவைச் சாத்திக்கறவங்க எண்ணைத்தான் ஒட்டுவேன்.” பணத்தை எண்ணி என் முன்னால் வைத்தார். “அன்னிக்கு மீட்டிங்ல எழுந்து பேசினீங்களே, அந்த மாசமும் அம்மா முந்தின நாளே வந்து சொல்லிட்டுத்தான் போயிருந்தாங்க.”

நான் கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டேன். குடும்பத்தின் மானத்தை நான் காப்பாற்றுவதாக நினைத்திருந்தேன். அவள் இதே அறையில் வந்து உட்கார்ந்து காப்பாற்றியிருக்கிறாள். இதை எழுதுவது எனக்கு எளிதாக இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இதற்குப் பிறகு வருகிறவர்கள், நம் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்டதில்லை என்று பொய்யான பெருமை பேசித் திரியக் கூடாது.

ஒன்பதாம் தேதி மருத்துவமனையில் பணத்தைக் கட்டினேன். மாப்பிள்ளை காரோடு வந்தார். அவர் சட்டைப்பையில் ஓர் உறை இருந்தது எனக்குத் தெரிந்தது. “கட்டியாச்சு” என்றேன். அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மனைவியிடமும் செயலாளர் சொன்னதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. “பலகை என்ன சொன்னார்?” என்று அவள்தான் கேட்டாள். “குடுத்தார்” என்றேன். அதற்கு மேல் அவளும் துருவவில்லை.

மறுநாள் கால் பயிற்சி தருவதற்கு ஓர் இளம்பெண் வீட்டுக்கு வந்தாள். மனைவியை நடக்க வைத்து, குறித்துக்கொண்டு, கிளம்பும்போது சொன்னாள்.

“மொத்தம் பத்து தடவை வரணும் சார். ஆறாயிரம். முன்னாடியே சேத்துக் கட்டிட்டா நல்லது.”

இழுப்பறையில் ஏழாயிரத்து நூறு இருந்தது. பழக்கத்தில் நான் எழுந்துவிட்டேன். கட்டிலிலிருந்து மனைவி என்னைப் பார்த்தாள்.

“ஒவ்வொரு தடவை வரும்போதும் அன்னன்னிக்குக் குடுத்தா வாங்கிப்பீங்களா?” என்று கேட்டேன்.

“தாராளமா சார்” என்றாள் அந்தப் பெண். அன்றைக்கு உள்ள அறுநூறை வாங்கிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள்.

கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினேன்.

“கேட்டது சரிதான்” என்றாள் மனைவி. “ஆனா கொஞ்சம் சிரிச்சிட்டே கேக்கணும். அந்தப் பொண்ணுக்கு மெமோ குடுக்கற மாதிரி இருந்துச்சு.”