வியாழக்கிழமை செத்த அத்தை

ஆர்டெல்லின் அத்தை வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் செத்துப்போனாள். அப்படியோர் அத்தை பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

வியாழன் பிற்பகல் நியூயார்க் வீட்டு வேலைக்காரிகளுக்கெல்லாம் விடுமுறை. அன்று மாலை, கறுப்பர்கள் வாழும் ஹார்லெம் பகுதியின் நடனக்கூடங்களில் கூட்டத்தில் தரை தெரியாது. ஆனால் புதன்கிழமை ராத்திரிச் சாப்பாட்டின்போது எஜமானி மிஸஸ் பிராட்வெல் தட்டிலிருந்து தலை தூக்காமல் சொல்லிவிட்டாள்: "நாளைக்கு எட்டுப் பேர் சாப்பிட வர்றாங்க. உன் லீவை அடுத்த வாரம் எடுத்துக்க. உனக்கு எந்த நாளா இருந்தா என்ன?" பிறகு, கோப்பையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த கையைப் பார்த்து ஒரு விரலை உயர்த்தினாள். "போதும், ஆர்டெல்."

மூன்று வருஷத்தில் அந்த வீட்டில் ஆர்டெல் அதிகம் கேட்டது இந்த இரண்டு வார்த்தைகளைத்தான். கோப்பை நிறைந்தால் "போதும்", தட்டில் உருளைக்கிழங்கு விழுந்தால் "போதும்". எப்போதும் அந்த விரல்தான். முகம் திரும்பியதாக நினைவில்லை.

அந்த வியாழன் சாதாரண வியாழன் இல்லை. மேக்னோலியா நடனக்கூடத்தில் போட்டி. ஜெயிக்கிற ஜோடிக்குக் கூடத்தின் நடனக் குழுவில் இடம். குழு மே மாதம் லண்டனுக்குக் கப்பலேறுகிறது. ஓட்டலில் லிஃப்ட் ஓட்டும் ருஃபஸும் அவளும் ஆறு மாதமாக ஒரு மொட்டைமாடியில் இதற்காகவே முட்டி பெயர ஆடிப் பழகியிருந்தார்கள். ஆகவே அத்தை சாகத்தான் வேண்டியிருந்தது.

மிஸஸ் பிராட்வெல் அரை நிமிஷம் துக்கப்பட்டாள். மீதி நேரமெல்லாம் கோழி வறுவலுக்காகத் துக்கப்பட்டாள்.

மாலை ஆறு மணிக்கு மேக்னோலியாவில், நன்றாக ஆடுகிறவர்களைத் தவிர யாரும் கால் வைக்க முடியாத மேடையோர மூலையில் ருஃபஸ் காலணியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அத்தையை எப்ப அடக்கம் பண்றாங்க?" என்றான்.

"வாயை மூடு. அந்தப் புண்ணியவதி தயவுலதான் உனக்கு ஜோடி கிடைச்சிருக்கு."

சொல்லி முடிக்கும்போதே ஆர்டெல் வாசல் பக்கம் பார்த்தாள். வேடிக்கை பார்க்க வரும் வெள்ளைக்காரர்களுக்கென்று ஒதுக்கிய முன்வரிசை மேஜைக்கு ஒரு கும்பல் வந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு பச்சைப் பட்டு உடுப்பு. காலையில், அத்தை சாவதற்குச் சற்று முன்பு, ஆர்டெல் கையால் இஸ்திரி போட்டது. சாப்பாடு இல்லையென்றானதும் விருந்தாளிகளுக்கு ஹார்லெமில் பொழுதுபோக்கலாம் என்று தோன்றியிருக்கிறது. பசித்த வயிற்றுக்கு எப்படியெல்லாம் யோசனை வருகிறது.

"ருஃபஸ், நான் செத்தேன்."

"ஒரே நாள்ல ஒரே குடும்பத்துல ரெண்டு சாவா?"

"அங்க பாரு, பச்சைப் பட்டு. என் எஜமானி."

ருஃபஸ் சிரிப்பை விழுங்கினான். "போயிடலாமா?"

போனால் லண்டன் போச்சு. ஆடினால் வேலை போகும், நற்சான்றுக் கடிதமும் கிடைக்காது. பொய் சொல்லிப் பிடிபட்டவளுக்கு வேறு எந்த வீடும் கதவு திறக்காது. ஆடித் தோற்றால் எல்லாமே போச்சு. ஆர்டெல் பக்கத்தில் நின்றவளிடம் உதட்டுச் சாயம் வாங்கி, மூக்கு வரைக்கும் என்று சொல்லும்படி அப்பிக்கொண்டாள்.

பித்தளை வாத்தியங்கள் ஒரே சமயத்தில் அலறின. முகத்தைக் காட்டாமல் ஆடிவிட வேண்டும் என்பது அவள் திட்டம். ஜோடியைச் சுழற்றித் தூக்கி எறியும் ஸ்விங் ஆட்டத்தில் அது நடக்கிற காரியமா? நாலு சுற்று முடிவதற்குள் திட்டம் மறந்துபோயிற்று. ருஃபஸ் அவளைத் தன் முதுகின்மேல் உருட்டி எறிந்தான். அவள் வந்து இறங்கிய இடம் பச்சைப் பட்டுக்கு நேர் எதிரே, இரண்டு முழத் தூரத்தில்.

மிஸஸ் பிராட்வெல் அவள் முகத்தை நேராகப் பார்த்தாள். ஆர்டெல்லுக்கு அடுத்த அடி எதுவென்று நினைவில்லை. கால்கள் மட்டும், மொட்டைமாடிப் பழக்கத்தில், தாளம் தப்பாமல் ஆடிக்கொண்டிருந்தன.

மிஸஸ் பிராட்வெல் கை தட்டினாள்.

கடைசியில் மூன்று ஜோடிகள் மிஞ்சின. அறிவிப்பாளர் ஒவ்வொரு ஜோடியின் தலைக்கு மேலும் கையை நீட்டுவார். எந்தத் தலைக்கு அதிகக் கைதட்டலோ அதுதான் தீர்ப்பு. ஆர்டெல்லின் தலைக்கு மேல் கை வந்தபோது பச்சைப் பட்டு நாற்காலிமேல் ஏறி நின்று கத்தியது. கூடவே எட்டுப் பட்டினி விருந்தாளிகளும். லண்டன் உறுதியாயிற்று.

"பொண்ணே, இங்க வா," என்று மிஸஸ் பிராட்வெல் கூப்பிட்டாள். "இப்படியொரு ஆட்டத்தை நான் பார்த்ததே இல்ல. எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா, உங்க ஆளுதான். நடந்தா அலமாரியே ஆடும். நீ சனிக்கிழமை எங்க வீட்டுக்கு வந்து ஆடணும். பின்வாசல் வழியா வா, அவ கதவைத் திறந்து விடுவா."

தப்பித்தோம் என்று ஆர்டெல் மகிழ்ந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு வந்தது கோபம். மூன்று வருஷம், ஆயிரம் காலைச் சாப்பாடு. அந்த வீட்டு நாயின் வலது காதில் மச்சம் இருப்பது இவளுக்குத் தெரியும். எஜமானிக்கு இவள் முகம் தெரியாது. இதை மறைக்கவா இத்தனை உதட்டுச் சாயம்?

"அவ திறக்க மாட்டாம்மா. வேலையை விட்டுட்டா."

"உனக்கு எப்படித் தெரியும்? அவ அத்தை சாவுக்கில்ல போயிருக்கா?" சொல்லிவிட்டு மிஸஸ் பிராட்வெல் சிநேகிதியின் பக்கம் திரும்பி ஏதோ பேச ஆரம்பித்தாள்.

மேஜையில் பியர் ஜாடி இருந்தது. ஆர்டெல் அதை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போய், தோளை உரசாமல், சத்தமில்லாமல், கோப்பையில் ஊற்றினாள்.

பேச்சை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், மிஸஸ் பிராட்வெல் ஒரு விரலை உயர்த்தினாள். "போதும், ஆர்டெல்."

விரல் அப்படியே நின்றுவிட்டது.

"ஆமாம்மா, போதும்," என்று ஆர்டெல் ஜாடியை மேஜையில் வைத்துவிட்டு ருஃபஸை நோக்கி நடந்தாள்.